எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு மாத்தியாச்சு, ஹிஸ்டரி சரியா வந்திருக்கான்னு எப்படி உறுதி பண்றது?

ஹட்டி_பையன் (கோத்தகிரி):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க, பாதி சொன்னா நீங்களும் பாதி பதில்தான் சொல்ல முடியும்.

எங்க மாமா 2006ல இருந்து கோத்தகிரி, குன்னூர் பக்கம் சில டீ ஃபேக்டரிங்களுக்கு இலை எடை போடுற சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்துட்டு இருந்தாரு. சிறு விவசாயிங்க கொண்டு வர்ற பச்சை இலைய எடை போட்டு, மழை இலையா இருந்தா தண்ணிக் கழிவு பிடிச்சு, ரசீது அடிச்சு, மாசக் கடைசில ரேட் போட்டு பட்டுவாடா பண்ற வரைக்கும் எல்லாம் அதுலதான். இப்ப அவருக்கு கண்ணு சரியில்ல, போன வருஷத்துல இருந்து நான்தான் பாக்குறேன். கோட் பூரா எஸ்விஎன்ல (கோட்ல யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு வரிசையா பதிஞ்சு வைக்கிற பழைய டூல், கிட்டும் அதே வேலைக்குத்தான்), மாமா வீட்டு மாடில இருக்கிற ஒரு பழைய பிசிதான் சர்வர், மொத்தம் 4380 ரிவிஷன் (ஒவ்வொரு தடவை மாத்திப் பதியறதும் ஒண்ணு, கிட்ல அதுக்கு கமிட்னு பேரு). ஐப்பசி மழைல கரண்ட் போய் போய் வந்ததுல ஹார்ட் டிஸ்க் ஒரு மாதிரி டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சுது, சரி இது போறதுக்குள்ள கிட்டுக்கு மாத்திடலாம்னு கிட்-எஸ்விஎன்ங்கற மாத்தற டூலை எடுத்து, ஸ்டாண்டர்ட் லேஅவுட்னு ஆப்ஷன் குடுத்து ராத்திரி ஓட விட்டேன், காலைல முடிஞ்சிருந்துச்சு, எரர் ஒண்ணும் இல்ல. கடைசி கோட் கம்பைல் ஆச்சு, ஓடுச்சு. மாஸ்டரை (கிட்ல முக்கிய கிளை) மட்டும் புது சர்வருக்கு புஷ் பண்ணிட்டு (அனுப்பிட்டு) பழைய பிசிய அணைச்சு வச்சுட்டேன்.

பிரச்சனை அதுக்கு அப்புறம்தான். 2017ல ஒரு ஃபேக்டரில (பேரு வேணாம்) தண்ணிக் கழிவு நூறு கிலோவுக்கு 3 கிலோவா இருந்தது 5 கிலோவா ஆச்சு. அது எந்த தேதில இருந்துன்னு எங்க ஹட்டி (ஊரு) இலைக்காரங்க கேட்டாங்க, நான் கிட் லாக்கை பாத்து நவம்பர் 14ன்னு பிரிண்ட் எடுத்து குடுத்துட்டேன். ஆனா அவங்க கைல இருக்கிற ரசீதுல நவம்பர் 1ல இருந்தே 5 பிடிச்சிருக்கு. "14ம் தேதிதான் மாத்தினீங்கன்னா அந்த பதிமூணு நாள் எந்தக் கணக்குல புடிச்சீங்க"ன்னு கேக்கறாங்க, நியாயமான கேள்விதானே. மாமா கிட்ட கேட்டா "ஒண்ணாந்தேதி விடியக்காலைலயே ஃபேக்டரில உக்காந்து மாத்தினேன்டா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"ங்கறாரு. கிட்ல அப்படி ஒரு கமிட்டே இல்ல.

சந்தேகம் வந்து அந்த ஃபைலுக்கு பிளேம் (எந்த வரிய யாரு எப்ப எழுதினாங்கன்னு காட்டும்) போட்டு பாத்தேன். பாதிக்கு மேல வரிங்க ஒரே நாள், 2009 ஆகஸ்ட், ஒரே ஆளு, 'அட்மின்'. 2006ல எழுதின ஃபைல் எப்படிங்க 2009ல பொறக்கும்?

அப்ப எது வந்திருக்கு எது வரல? 4380 ரிவிஷனையும் கண்ணால பாக்க முடியாது. சரியா வந்திருக்குன்னு நெஞ்சுல கை வச்சு சொல்ற மாதிரி எப்படி செக் பண்றது? நான் குடுத்த பேப்பரை நம்பி நாலு பேரு பேசிட்டு இருக்காங்க, அதனால எனக்கு இது சும்மா டெக்னிக்கல் கேள்வி இல்ல.

---

மிஸ்ட்_ரைடர் (ஊட்டி):

ப்ரோ கிட் எஃப்எஸ்சிகே ஓட்டுங்க, கரப்ட் இருந்தா சொல்லிடும். அப்புறம் எஸ்விஎன் ரிவிஷன் எண்ணிக்கையும் கிட் கமிட் எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நான் அவ்ளோதான் பண்ணேன், இதுவரை ஒண்ணும் ஆகல.

---

காபிக்காடு (தாண்டிக்குடி):

தம்பி, முதல்ல ஒரு விஷயம், அந்த பழைய பிசிய இனிமே சும்மா சும்மா ஆன் பண்ணாதே. ஒரே ஒரு தடவை போட்டு, 'எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி' பண்ணி வெளி டிஸ்க்ல எடுத்துக்கோ, அந்த காப்பி மேல 'எஸ்விஎன்அட்மின் வெரிஃபை' ஓட்டு. ஒவ்வொரு ரிவிஷனையும் படிச்சு பாத்து உடைஞ்சிருந்தா எந்த நம்பர்ல உடைஞ்சிருக்குன்னு சொல்லும். மூலமே உடைஞ்சிருந்தா அதுல இருந்து எடுத்தது சரியா தப்பான்னு பேசறதுல அர்த்தமே இல்ல. இனி செய்யறதெல்லாம் அந்த காப்பி மேலதான்.

ஊட்டித் தம்பி சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல, தப்பா நினைச்சுக்காதீங்க. எஃப்எஸ்சிகே கிட் ரெப்போ (கோடும் ஹிஸ்டரியும் சேந்த கிடங்கு) தனக்குள்ள ஒழுங்கா இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். பாதி ஹிஸ்டரி வராம போயிருந்தாலும் வந்த பாதி ஒழுங்கா இருந்தா அது வாய தொறக்காது, எஸ்விஎன்னு ஒண்ணு இருந்ததே அதுக்குத் தெரியாது. கமிட் எண்ணிக்கை சரியா மாறின ரெப்போலயும் ஒண்ணா வராது. எஸ்விஎன்ல பிராஞ்ச் (தனிக் கிளை) போட்டா ஒரு ரிவிஷன், டேக் (ஒரு வெர்ஷனுக்கு பேரு வச்சு நிறுத்தறது) போட்டா ஒரு ரிவிஷன், ப்ராபர்டி (ஃபைலோட ஒட்டி வைக்கிற குறிப்பு) மட்டும் மாத்தினாலும் ஒரு ரிவிஷன், கிட்ல இதுக்கெல்லாம் கமிட் இருக்கணும்னு இல்ல. இன்னொரு பக்கம் ஒரே ரிவிஷன்ல ரெண்டு பிராஞ்ச்சை தொட்டிருந்தா கிட்ல ரெண்டு கமிட்டா பிரியும். அதனால எண்ணிக்கை வித்தியாசப்பட்டா பயப்படவும் வேணாம், ஒண்ணா இருந்தா சந்தோஷப்படவும் வேணாம்.

இப்ப உன் 2009 விஷயம். நீ ஸ்டாண்டர்ட் லேஅவுட்னு குடுத்திருக்க, அதாவது டிரங்க் (முக்கிய கோட்), பிராஞ்சஸ், டேக்ஸ்னு மூணு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள பாருன்னு சொல்லியிருக்க. 2006ல உங்க மாமா தனியா ஆரம்பிச்சப்ப அந்த ஃபோல்டர் எல்லாம் போட்டிருப்பாரான்னு யோசி. நிறைய பேரு ஃபைலை நேரா ரூட்லயே (எல்லாத்துக்கும் மேல இருக்கிற ஃபோல்டர்லயே) போட்டு ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு யாராவது சொல்லித்தான் டிரங்க்னு ஒண்ணு உண்டாக்கி ஃபைலை எல்லாம் உள்ள நகத்துவாங்க. அப்படி நகத்தின நாள்ல இருந்துதான் உன் கிட் ஹிஸ்டரி ஆரம்பிக்குதுன்னு எனக்கு தோணுது. மொத்த ஃபோல்டரா காப்பி பண்ணி டிரங்க் ஆக்கியிருந்தா கிட்-எஸ்விஎன் பின்னாடி போய் தேடிப் பாக்கும், ஒவ்வொரு ஃபைலா நகத்தியிருந்தா அதுக்கு புடிச்சுட்டு போக கயிறே இல்ல, அங்கயே நின்னுடும். 2009 ஆகஸ்ட் பக்கம் எஸ்விஎன் லாக்கை வெர்போஸ் (மாறின ஃபைல் பேரோட விவரமா) போட்டு பாத்துட்டு சொல்லு.

அது அப்படித்தான்னா கிட்-எஸ்விஎன்ன விட்டுடு. கேடிஈ (லினக்ஸ் டெஸ்க்டாப்) காரங்க உண்டாக்கின எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட் எடு. அதுல ரூல்ஸ் ஃபைல்னு ஒண்ணு எழுதணும், இந்த ரிவிஷன் வரைக்கும் ரூட்தான் மாஸ்டர், இந்த ரிவிஷன்ல இருந்து டிரங்க்தான் மாஸ்டர்னு நம்பர் போட்டே சொல்லலாம். மெட்டாடேட்டா சேக்கற ஆப்ஷனை மறக்காம போடு, ஒவ்வொரு கமிட் மெசேஜ் கடைசிலயும் பழைய ரிவிஷன் நம்பர் வந்துடும். அந்த நம்பர் இல்லாம எதையும் எதோடவும் ஒப்பிட முடியாது. ஜிசிசி கம்பைலரை 2020 ஜனவரில எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு மாத்தினாங்களே, அதுல பழைய கமிட் எதை வேணா தொறந்து பாரு, கடைசில 'ஃப்ரம்-எஸ்விஎன்'னு பழைய நம்பரோட ஒரு வரி இருக்கும். பழைய மெசேஜ்ல "1432ல பண்ணதை திரும்ப எடுத்தாச்சு"ன்னு யாராவது எழுதியிருந்தா அந்த 1432 எதுன்னு நாளைக்கு எப்படி கண்டுபிடிப்ப, அதுக்குத்தான்.

சரி, செக் பண்ற வழி. நான் எங்க கம்பெனி ரெப்போவ மாத்தினப்ப இதைத்தான் பண்ணேன், இதுக்கு மேல நம்பிக்கையான வழி எனக்குத் தெரியாது. கிட்ல ஒரு கமிட்னா அதுக்குள்ள ஒரு ட்ரீ இருக்கு, அந்த நேரத்துல இருந்த எல்லா ஃபைலோட பேரு, உள்ளடக்கம், எக்ஸிக்யூட் பிட் எல்லாத்தையும் சேத்து 40 எழுத்துல ஒரு ஹேஷ், கைரேகை மாதிரி. ஒரு பைட் மாறினாலும் அந்த ஹேஷ் மாறிடும். இதை வச்சு என்ன பண்றேன்னா, தனியா ஒரு காலி கிட் ரெப்போ, எஸ்விஎன்ல ஒவ்வொரு ரிவிஷனா எக்ஸ்போர்ட் பண்ணி அதுல 'கிட் ஆட்' போட்டு, கமிட் பண்ணாம 'ரைட்-ட்ரீ' மட்டும் கேட்டா அந்த ஹேஷ் வரும். அந்தப் பக்கம் மாத்தின ரெப்போல அதே ரிவிஷன் நம்பர் இருக்கிற கமிட்டோட ட்ரீ ஹேஷ் என்னன்னு கேளு. ரெண்டும் ஒண்ணுன்னா அந்த ரிவிஷன் பைட்டுக்கு பைட் சரி. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லா ரிவிஷனுக்கும் ஓட விட்டுட்டு தூங்கப் போ.

நான் மாட்டின இடங்களையும் சொல்லிடறேன், உனக்கு ரெண்டு நாள் மிச்சமாகும். எக்ஸ்போர்ட் பண்றப்ப இக்னோர்-கீவேர்ட்ஸ் போடலன்னா டாலர் ஐடி டாலர்னு ஃபைல் தலைல எழுதியிருக்கிறத எல்லாம் எஸ்விஎன் விரிச்சு தேதி, ஆளு பேரோட குடுக்கும், கிட் பக்கம் விரிக்காம இருக்கும், எல்லாமே தப்புன்னு வரும். இக்னோர்-எக்ஸ்டர்னல்ஸும் போடு, எக்ஸ்டர்னல்ஸ்னா வேற இடத்துல இருந்து இழுத்துட்டு வர்ற ஃபோல்டர். லினக்ஸ்லயே ஓட்டு, வரி முடிவு மாத்தற ஆட்டோ-சிஆர்எல்எஃப் செட்டிங்கை அணைச்சிடு. ஒவ்வொரு சுத்துக்கும் இண்டெக்ஸை ('கிட் ஆட்' பண்ணது சேர்ற இடம்) காலி பண்ணு. 'கிட் ஆட்' பண்றப்ப ஃபோர்ஸ் ஆப்ஷன் கட்டாயம், இல்லன்னா உன் மெஷின்ல இருக்கிற குளோபல் இக்னோர் லிஸ்ட் சில ஃபைலை சத்தமில்லாம விட்டுடும்.

காலி ஃபோல்டர் மட்டும் இந்த முறைல தெரியாது. கிட் காலி ஃபோல்டரை வச்சுக்கவே வச்சுக்காது, எஸ்விஎன் வச்சுக்கும். ரிப்போர்ட் எழுதறதுக்குன்னு காலி ஃபோல்டர் ஏதாவது இருந்தா அதை தனியா பாத்துக்கோ.

டேக் பத்தியும் கேக்கணும். நீ மாஸ்டரை மட்டும்தானே புஷ் பண்ணேன்னு எழுதியிருக்க? கிட்-எஸ்விஎன் டேக்கை எல்லாம் ரிமோட் பிராஞ்ச் மாதிரிதான் வைக்கும், மாஸ்டர் கூட அது போகாது. எஸ்விஎன்ல டேக்னா வெறும் ஃபோல்டர் காப்பிதான், அதுல போய் யாரு வேணா கமிட் பண்ணலாம், ஹூக் (கமிட் பண்றப்ப தானா ஓடற ஸ்கிரிப்ட்) போட்டு தடுத்தாத்தான் உண்டு. ஒவ்வொரு டேக்குக்கும் 'ஸ்டாப்-ஆன்-காப்பி' (காப்பி எடுத்த இடத்தோட நின்னுடும்) போட்டு லாக் எடு. ஒரு வரிதான் வந்தா நல்லது. ரெண்டு வந்தா டேக் போட்டதுக்கு அப்புறம் யாரோ அதுல கை வச்சிருக்காங்க. உங்க மாமா ஃபேக்டரில உக்காந்து மாத்தினேன்னு சொல்றாரே, ஃபேக்டரி மெஷின்ல டிரங்க் ஓடுமா டேக் ஓடுமா?

---

ஹட்டி_பையன் (கோத்தகிரி):

அக்கா, கடைசி வரிய படிச்சதும் எனக்கு கை நடுங்கிடுச்சு. ஃபேக்டரில எப்பவும் டேக்தான் ஓடும். இன்னைக்கே காப்பி எடுக்கறேன்.

---

ஹட்டி_பையன் (கோத்தகிரி):

மூணு நாள் கழிச்சு வர்றேன், நடுவுல குஞ்சப்பனை ரோட்ல மரம் விழுந்து நெட் கேபிளும் போயிடுச்சு. நடந்ததை அப்படியே சொல்றேன்.

வெரிஃபை 4380 வரைக்கும் சுத்தமா முடிஞ்சுது, அப்பதான் மூச்சு வந்துச்சு.

2009 விஷயம் அக்கா சொன்னது அச்சு அசல். 611 வரைக்கும் எல்லா ஃபைலும் ரூட்ல. 612ல டிரங்க் ஃபோல்டர், அதுல இருந்து 619 வரைக்கும் எட்டு ரிவிஷன்ல கொஞ்சம் கொஞ்சமா நகத்தியிருக்காரு. மாமா கிட்ட கேட்டேன், அப்ப மோடம் வச்சுட்டு இருந்தாராம், மொத்தமா கமிட் பண்ணா பாதில லைன் கட் ஆயிடுமாம், அதான் பிச்சு பிச்சு. ஆக 2006ல இருந்து 2009 வரைக்கும் மூணு வருஷ ஹிஸ்டரி எனக்கு வரவே இல்ல, நான் பாட்டுக்கு எரர் இல்லன்னு நம்பி இருந்திருக்கேன்.

ரூல்ஸ் ஃபைல் எழுதி மறுபடியும் மாத்தி, ஹேஷ் ஒப்பிடற ஸ்கிரிப்ட் ஓட்டினேன். முதல் தடவை கிட்டத்தட்ட எல்லாமே தப்புன்னு வந்துச்சு, பகீர்னு ஆயிடுச்சு. ஒரு ரிவிஷனை எடுத்து ரெண்டு பக்கமும் ஃபைல் லிஸ்ட் பாத்தேன், கிட் பக்கம் மட்டும் ரசீது ஃபோல்டர்ல ஒரு டாட் கிட்இக்னோர் ஃபைல் கூடுதலா நின்னுது. காலி ஃபோல்டர் போயிடக் கூடாதேன்னு அந்த ஆப்ஷனை நானே போட்டிருந்தேன், அது ஒவ்வொரு காலி ஃபோல்டர்லயும் ஒண்ணு வச்சிருக்கு. அதை எடுத்துட்டு மறுபடியும் மாத்தி மறுபடியும் ஓட்டினேன், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு. ரூட்டையோ டிரங்க்கையோ தொட்ட ரிவிஷன் 3906, அதுல 3898 ஒண்ணு. மிச்சம் 8. அந்த எட்டும் 612ல இருந்து 619, பாதி ஃபைல் ரூட்ல பாதி டிரங்க்ல இருந்த நாளுங்க, அதுல எது மாஸ்டர்னு சொல்றதுன்னே கிடையாது. 620ல இருந்து மறுபடி எல்லாம் ஒண்ணு. காலி ஃபோல்டருக்கு கடைசில தனியா ஒரு கமிட் போட்டுக்கிட்டேன்.

இப்ப டேக். மொத்தம் 31. முப்பதுக்கு ஒரே வரி. 2017 அக்டோபர்னு பேரு வச்ச டேக்குக்கு மட்டும் ரெண்டு வரி. ரெண்டாவது, ரிவிஷன் 3107, 'அட்மின்', மெசேஜ் காலி. டிஃப் பாத்தேன், மாறினது ஒரே ஒரு வரி, கழிவு 3.0 இருந்த இடத்துல 5.0. டிரங்க்ல இதே வரி 3131ல, நவம்பர் 14ல வருது. நான் இலைக்காரங்களுக்கு குடுத்தது இந்த ரெண்டாவது தேதி. அந்த வரிய ஸ்க்ரீன்ல பாத்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

ஆனா இன்னொரு குழப்பம். புது கிட்ல 3107 அக்டோபர் 31 ராத்திரி 11:10ன்னு காட்டுது. மாமா நவம்பர் 1 விடியக்காலைங்கறாரு. இந்த தேதிய இப்படியே குடுத்தா "அக்டோபர் பட்டுவாடாவுலயே கை வச்சுட்டீங்களா"ன்னு அடுத்த கேள்வி வரும். எது உண்மை?

---

குன்னூர்_லைன்மேன்:

தம்பி, மணிக்கு பின்னாடி பிளஸ் சைபர் சைபர் சைபர் சைபர்னு இருக்கா பாருப்பா. இருந்தா அது யூடிசி, உலகப் பொது நேரம். எஸ்விஎன் எப்பவும் நேரத்தை யூடிசிலதான் வைக்கும், எஸ்விஎன் லாக் பாக்கறப்ப அது உன் மெஷின் டைம்ஸோனுக்கு மாத்திக் காட்டும், அதனால மாமா பாத்தது எல்லாம் நம்ம நேரம். மாத்தற டூல் அந்த யூடிசிய அப்படியே கிட்ல எழுதிடுச்சு, கிட் லாக் சும்மா பாத்தா கமிட்ல என்ன டைம்ஸோன் எழுதியிருக்கோ அதைத்தான் காட்டும். 11:10ஓட அஞ்சரை மணி நேரம் கூட்டு, விடியக்காலை 4:40, தேதி நவம்பர் 1. மாமா ஞாபகம் சரிதான்.

லாக்கை 'டேட் லோக்கல்' போட்டு பாத்தா நம்ம நேரத்துல வரும். கிட்-எஸ்விஎன்ல லோக்கல்டைம்னு ஒரு ஆப்ஷன் உண்டு, இன்னொரு டூல்ல என்ன பண்ணணுமோ பாத்துக்கோ. கணம் ஒண்ணுதான், எழுதற விதம்தான் வேற. ஆனா மாசக் கணக்கு பாக்கற ஆளுங்க கைல குடுக்கறப்ப நம்ம நேரத்துல, ஐஎஸ்டின்னு பக்கத்துல எழுதிக் குடு. ஒண்ணாந்தேதி விடியக்காலை அஞ்சரைக்கு முன்னாடி பண்ண எந்த கமிட்டும் யூடிசில போன மாசத்துக்கு போயிடும், பட்டுவாடா சாஃப்ட்வேர்ல ரேட் மாத்தறது பாதி அந்த நேரத்துலதான் நடக்கும்.

இன்னொண்ணு பாரு. எஸ்விஎன்ல தேதி போடறது சர்வர். உங்க சர்வர் பழைய பிசி, கரண்ட் போய் போய் வர்ற இடம். சிமாஸ் பேட்டரி (கரண்ட் இல்லாதப்ப பிசி கடிகாரத்தை ஓட்டற சின்ன பேட்டரி) தீந்திருந்தா கரண்ட் வந்து ஆன் ஆகறப்ப கடிகாரம் எங்கயோ பழைய வருஷத்துக்கு போயிடும், கவனிக்காம கமிட் பண்ணா அந்த பழைய தேதிதான் பதியும். எல்லா ரிவிஷனோட தேதியையும் நம்பர் வரிசைல எடுத்து, முந்தின ரிவிஷனை விட பின்னாடி போற தேதி எதுன்னு தேடு. இது இருந்தா எஸ்விஎன்லயே தேதி குடுத்து ரிவிஷன் கேக்கறதும் தப்பா வரும், ஏன்னா அது தேதி வரிசையா இருக்குன்னு நம்பி பாதி பாதியா பிரிச்சு தேடும். குறிப்பா 3107க்கு முன்னாடி பின்னாடி நல்லா பாரு. அந்த தேதிதானே இப்ப பேச்சு.

'அட்மின்' பத்தியும் கேக்கறேன், அது மாமா மட்டுமா? எஸ்விஎன்ல வெறும் லாகின் பேரு, கிட்டுக்கு முழுப்பேரும் ஈமெயிலும் வேணும், மேப் பண்ற ஃபைல்ல என்ன எழுதினே? ரெண்டு மூணு பேரு ஒரே லாகின்ல வேலை பாத்திருந்தா தயவு செஞ்சு ஒருத்தர் பேரை எழுதிடாத. நாளைக்கு அதையும் யாராவது பிரிண்ட் எடுப்பாங்க.

---

மிஸ்ட்_ரைடர் (ஊட்டி):

அக்கா சொன்னதை படிச்சுட்டு என் ரெப்போவயும் செக் பண்ணேன். என்னுதுல பிரிண்டர் லைப்ரரி எக்ஸ்டர்னல்ஸ்ல இருந்திருக்கு, அது கிட்ல வரவே இல்ல. பழைய வெர்ஷன் எதையும் இப்ப பில்ட் பண்ண முடியாது. அந்த லைப்ரரிக்கும் ரிவிஷன் நம்பர் பின் பண்ணியிருந்தேன், அதனால தேடி எடுத்துடலாம்னு நினைக்கிறேன். நன்றி அக்கா.

ஹட்டி ப்ரோ, ரசீது டெம்ப்ளேட் எல்லாம் பழைய தமிழ் என்கோடிங்லதானே இருக்கும்? மாத்தறப்பவே யூனிகோட் ஆக்கிட்டா ஒரே வேலையா முடியுமே.

---

காபிக்காடு (தாண்டிக்குடி):

வேண்டாம்ப்பா. மாத்தற வேலையும் திருத்தற வேலையும் ஒண்ணா கலந்தா ஹேஷ் எதுவும் ஒத்துப் போகாது, எது டூல் பண்ண தப்பு எது நீ பண்ண திருத்தம்னு பிரிக்கவே முடியாது. டாம், டாப், டிஸ்கின்னு எந்த என்கோடிங்ல இருந்தாலும் கிட்டுக்கு அது வெறும் பைட்டு, அப்படியே வச்சுக்கும். இப்ப எப்படி இருக்கோ அப்படியே போகட்டும். எல்லாம் சரின்னு ஆனதும் புது கமிட்டா யூனிகோடுக்கு மாத்து, என்னைக்கு மாத்தினோம்னு அதுவும் ஹிஸ்டரில இருக்கும். ஒண்ணு மட்டும், அந்த டெம்ப்ளேட்டை புது எடிட்டர்ல தொறந்து தெரியாம சேவ் பண்ணிடாதீங்க, அது தன் இஷ்டத்துக்கு யுடிஎஃப்-8 ஆக்கிடும், கேள்விக்குறியா மாறின எழுத்து திரும்ப வராது.

ஆளு பேரை பின்னாடி திருத்தினா என்ன ஆகும்னு கேப்பீங்க. கமிட் ஹேஷ் மாறும், ட்ரீ ஹேஷ் மாறாது. அதனால செக் பண்ணது வீணாப் போகாது, ஸ்கிரிப்டை இன்னொரு தடவை ஓட்டிடுங்க, அவ்வளவுதான்.

லைன்மேன் அண்ணா சொன்ன சிமாஸ் விஷயம் எனக்கே புதுசு, எங்க ரெப்போவுலயும் தேடிப் பாக்கணும்.

---

ஹட்டி_பையன் (கோத்தகிரி):

அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. வரிசை மாறின தேதி நாலு ரிவிஷன்ல, 1874ல இருந்து 1877, நாலும் 2002 ஜனவரி 1. சாஃப்ட்வேரே 2006லதான் ஆரம்பிச்சது, அப்ப கடிகாரம்தான். 1873 எப்போ 1878 எப்போன்னு தெரியும், அதனால நடுவுல எந்த வாரம்னு சொல்லிடலாம், ஆனா நான் தேதிய திருத்தல. அப்படியே விட்டுட்டு குறிப்புல எழுதி வச்சிருக்கேன்.

3107 பக்கம் சுத்தமா இருக்கு. 3106 அக்டோபர் 30, 3108 நவம்பர் 2. அது போதாதுன்னு எங்க ஹட்டில ஒரு பாட்டி எல்லா ரசீதையும் பிஸ்கட் டப்பால போட்டு வச்சிருந்தாங்க, அவங்க கிட்ட போய் பாத்தேன். அக்டோபர் 31 சாயந்தரம் போட்ட இலைக்கு 3, நவம்பர் 1 மதியம் போட்ட இலைக்கு 5. மூணும் ஒத்துப் போகுது, ரசீது, கமிட், மாமா சொன்னது.

'அட்மின்' மூணு பேரு யூஸ் பண்ணியிருக்காங்க. மேப் ஃபைல்ல மாமா பேரை எழுதியிருந்தேன், எடுத்துட்டு 'அட்மின் பொது லாகின்'னு போட்டு மறுபடி மாத்தி மறுபடி ஒப்பிட்டேன், அதே 3898, அதே 8.

இலைக்காரங்க கிட்ட போன வாரம் குடுத்த பேப்பரை திருப்பி வாங்கிட்டேன், நான் பாதிதான் பாத்து குடுத்தேன், தப்பு என்னுதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை புதுசா ஒண்ணு குடுக்கப் போறேன், அதுல ரெண்டு வரியும் இருக்கும், 3107 டேக்ல நவம்பர் 1 காலை 4:40 ஐஎஸ்டி, 3131 டிரங்க்ல நவம்பர் 14. முன்கூட்டி சொல்லாம கழிவை ஏத்தினது சரியா தப்பாங்கறது அவங்களும் ஃபேக்டரியும் பேச வேண்டியது. தேதி மட்டும் இனி யாரும் சந்தேகப்பட வேண்டியதில்ல.

அக்கா, பழைய ரெப்போவ டம்ப் எடுத்து ரெண்டு காப்பி வச்சாச்சு, ரீட்-ஒன்லி. ஒப்பிடற ஸ்கிரிப்ட், அந்த எட்டு ரிவிஷன் லிஸ்ட், ரூல்ஸ் ஃபைல், தேதி குறிப்பு எல்லாம் புது ரெப்போக்குள்ளயே ஒரு ஃபோல்டர்ல இருக்கு. டம்ப் ஒண்ணு எங்க வீட்ல, இன்னொண்ணு மேட்டுப்பாளையத்துல தங்கச்சி வீட்ல, அங்க இவ்ளோ ஈரம் இல்ல.

---

குன்னூர்_லைன்மேன்:

மாமா கிட்ட நான் விசாரிச்சதா சொல்லுப்பா. அந்த பிசிக்கு சிஆர் 2032 பேட்டரி ஒண்ணு வாங்கிப் போடு, முப்பது நாப்பது ரூபாதான்.